முப்பத்தோராம் படத்தின் நெற்றி

மாலை நான்கு மணி பத்து நிமிடம். நான் முதலில் கண்டது என் வலது கட்டைவிரலில் ஒட்டியிருந்த சிவப்பு நிறத்தை. படத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அது அக்குறணையில் என் மாமாவின் கடை. மாமா அஸர் தொழுதுவிட்டு வந்து, முக்காலியில் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதும் அவர் திரும்பிப் பார்த்தார். அவர் தலைக்கு மேலே இருந்த முட்களை நானும் பார்த்தேன். பார்ப்பது என் தொழில்.

இப்படிப்பட்ட விஷயங்களை நான் நம்பியதே இல்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கண்டி நிருபராக இருந்தவன் நான். ஆவி நடமாட்டம், கண்ணீர் விடும் சிலை என்று வந்த தகவல்களை எல்லாம் நேரில் போய்ப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஹேவாஹெட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஆளில்லாமல் விசில் ஊதுகிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் வெடித்த குழாய். அந்தச் செய்திக்காகத் தோட்டத்துக்காரர்கள் என்மேல் கோபித்துக்கொண்டார்கள். பேய் போனதில் அவர்களுக்கு வருத்தம். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். நானே இன்னொருவர் சொல்லிக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கிரிக்கெட் படங்கள் சேர்ப்பேன். ஒரு காலத்தில் கொழும்பில் ஒரு டொபிக் கம்பெனி, மிட்டாய்ப் பக்கெட்டுக்கு ஒன்றாக ஒரு விளையாட்டு வீரரின் படத்தை வைத்து விற்றது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அட்டை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேல் கையால் பூசியதுபோல வர்ணம். மொத்தம் ஐம்பது பேர். படங்களை ஒட்டுவதற்கு ஒரு ஆல்பமும் விற்றார்கள். அதில் ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் இலக்கமும் பெயரும் அச்சாகியிருக்கும். என் ஆல்பத்தில் ஒரு கட்டத்தைத் தவிர எல்லாம் நிரம்பியிருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாருடைய ஆல்பத்திலும் அதே கட்டம்தான் காலி. இலக்கம் முப்பத்தொன்று. கீழே செல்லமுத்து என்று ஆங்கிலத்தில் இருக்கும்.

செல்லமுத்து தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து மூட்டை சுமந்தவர். இடது கையால் வேகமாகப் பந்து வீசுவார் என்று தோட்டத்துத் துரை தன்னுடைய கிளப் அணியில் சேர்த்துக்கொண்டார். கண்டியில் வெளிநாட்டு அணி ஒன்று விளையாட வந்தபோது அதன் பாதிப் பேரை அவர் வெளியேற்றியதாகச் சொல்வார்கள். கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. டொபிக் கம்பெனியும் படம் எடுத்தது. பிறகு பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். அவரிடம் இல்லை. தோட்டத்தில் அப்போது யாரிடம்தான் இருந்தது? அழைப்பு நின்றது, கம்பெனியும் படத்தை நிறுத்தியது. அச்சடித்து முடிந்த பிறகு நிறுத்தினார்கள் என்றும், பக்கெட்டில் போட்டு அனுப்பிய பிறகே நிறுத்தினார்கள் என்றும் இரண்டு கதை உண்டு. மாத்தளையில் ஒருவரிடம் இருக்கிறது, பதுளையில் ஒருவர் வைத்திருந்து எரித்துவிட்டார் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன். ஒன்றும் உண்மையில்லை. படம் சேர்க்கும் எங்களுக்குள் அதற்குப் படம் என்றுகூடப் பெயர் கிடையாது. 'முப்பத்தொண்டு' என்றால் போதும்.

இதைப் பற்றி வார இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினேன். அதைப் படித்துவிட்டு கொழும்பில் என்னைப்போலவே படம் சேர்க்கும் ஒரு பல் டாக்டர் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு பெண். கண்டிச் சந்தைக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருந்த அறையின் மாடிப்படியில் நின்றபடி, செல்லமுத்துவின் சம்சாரம் என்று சொன்னார். பெயர் பாக்கியம். ஐம்பதைத் தொட்டிருப்பார். கட்டுரையை அண்ணன் மகள் வாசித்துக் காட்டினாளாம்.

உள்ளே அழைத்துக் கதிரையைக் காட்டினேன். விளிம்பில் உட்கார்ந்தார். அவர் சொன்னதன் சுருக்கம் இது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. செல்லமுத்துவின் குடும்பத்துக்கு இந்தியா போகச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. பாக்கியத்தின் குடும்பம் இங்கே இருக்க எழுதிப்போட்டது, அது கிடைத்துவிட்டது. தாய் தகப்பனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் கண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறினார். கொஞ்ச காலம் நீலகிரியிலிருந்து கடிதம் வந்தது. பிறகு இங்கிருந்து போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல யாருமில்லை. பாக்கியம் பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை.

தையில் அண்ணன் மகள் செல்விக்குக் கல்யாணம். அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தது இவர்தான். ஆரத்தி எடுக்க அத்தைதான் வேண்டும் என்று அது பிடிவாதமாக நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார், அந்தம்மா சுமங்கலியா இல்லையா என்று கேட்டனுப்பியிருக்கிறார்கள். முடிவாக ஒரு பதில் சொல் என்று அண்ணி நெருக்குகிறார்.

“அதுக்காகவா படம் கேட்கிறீங்க?” என்றேன்.

“இல்ல சார். படம் என்னத்தச் சொல்லப்போகுது.” சற்று நேரம் கைப்பையின் வாரைத் திருகினார். “அவரு மொகம் மறந்துபோச்சு சார். நடக்குறது ஞாபகம் இருக்கு. போட்டுட்டுப் போன சட்ட ஞாபகம் இருக்கு. மொகம் மட்டும் வர மாட்டேங்குது. யாருக்காகப் பொட்டு வைக்கிறேன்னு மொகம் தெரியாம வச்சுக்கிட்டு இருக்கேன்.”

வேறு படம் இல்லையாம். கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது அவரோடு போய்விட்டது. டொபியில் என் படம் வரப்போகிறது என்று அவர் சொல்லியிருந்ததால், சம்பளத்தன்று பக்கெட் பக்கெட்டாக வாங்கிப் பார்த்திருக்கிறார். கிடைத்தால் ஒரு தடவை காட்டினால் போதும், வைத்துக்கொள்ளக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். அவருடைய பொட்டு நெற்றியின் நடுவில் இல்லை. சற்று இடப்பக்கம் தள்ளி, கீழே ஒரு சிறிய வால் இழுத்திருந்தது. எதையும் கவனித்து வைக்கும் பழக்கத்தில் அதையும் கவனித்தேன்.

கார்த்திகை மழை முடியும் தருவாயில் மாமா கடைக்கு வெள்ளையடித்தார். மரத்தட்டுகளைக் கழற்றியபோது பின்னால் ஒரு பிஸ்கட் டின் விழுந்து கிடந்தது. உள்ளே அந்த டொபிப் பக்கெட்டுகள் மூன்று. மாமா ஆளனுப்பினார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

“வா மகன், ஒண்ட பொக்கிஷம் ஈக்கி” என்றார். என் படப் பைத்தியத்தை அவர் எப்போதும் கிண்டல் செய்வார். உருவப்படம் இருக்கும் வீட்டுக்கு மலக்கு என்னும் வானவர் வர மாட்டார் என்று உம்மா சொல்வதால் நான் அவற்றை டின்னில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பவன். “மலக்கு வராட்டியும் பரவால்ல, டொபி வரட்டும்” என்றார் மாமா.

மேசைமேல் பழைய பத்திரிகையை விரித்து, பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மெழுகுத்தாள் உறை, இரண்டு பக்கமும் பசை. ஒன்றிலும் பிரிந்த அடையாளம் இல்லை. முதல் இரண்டில் டொபி கல்லாக உறைந்திருந்தது. படங்கள் என்னிடம் ஏற்கனவே இருந்தவை. காய்ந்து, சீனித் தூள் படிந்திருந்தன. மூன்றாவதன் பசையையும் நானே நகத்தால் கீறிப் பிரித்தேன். இதை எத்தனை பேர் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன்: அந்தப் பசை அதற்கு முன்னால் பிரிக்கப்படவில்லை. கட்டைவிரலை உள்ளே விட்டு அட்டையை இழுத்தேன். விரல் சிவந்திருந்தது.

வெட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். மாமாவும் முக்காலியிலிருந்து இறங்கி வந்து, “ரெத்தமா மகன்?” என்று கேட்டார். காயம் இல்லை. தோளில் கிடந்த லேஞ்சித் துண்டை எடுத்து அவரே என் விரலைத் துடைத்துவிட்டார். வெள்ளை லேஞ்சி. அதன் மூலையில் சிவப்பு ஒட்டியது.

பிறகு அட்டையைத் திருப்பினேன். முப்பத்தொன்று.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு. அது அச்சு அல்ல. அட்டையின் மேல் பதித்த பொட்டு. என் விரல் பட்டு ஓரம் கலைந்திருந்தது. கிட்டக் கொண்டுபோனபோது வெளிச்சத்தில் மினுங்கியது.

“இன்னேம் ஈரமா ஈக்கே” என்றார் மாமா. அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை.

படம் சேர்ப்பவனுக்குக் கறை என்றால் கறைதான். ஈரம் அட்டையில் ஊறினால் வர்ணம் போய்விடும். மாமாவின் கடையிலேயே பஞ்சு இருந்தது. ஒரு துண்டு கிள்ளி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பொட்டு முழுதாகப் பஞ்சுக்கு வந்துவிட்டது. நெற்றி சுத்தமானது. பஞ்சை ஒரு தாளில் மடித்து என் டின்னில் போட்டேன். எதையும் எறியாத பழக்கம். டொபிச் சாயம் இளகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கெட்டில் இருந்த டொபி வெள்ளை நிறம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தெல்தோட்டை பஸ் கலஹா வழியாக ஏறும்போது மழை விட்டிருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாக்கியத்தின் வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீடு என்பதால் வாசலுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கையில் தூரிகையோடு நின்றார். யாரென்று சொன்னதும், “பேப்பர்காரரா? பாக்கியம், ஒன்னத் தேடிப் பேப்பர்ல இருந்து வந்திருக்காங்க. ஓடிப்போன புருஷன் செய்திதான் போடுவாங்க போல” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் படத்தைக் கொடுத்தேன்.

அவர் அதை உடனே பார்க்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, பிறகுதான் பார்த்தார். மழைத்தண்ணீர் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஆனது.

“இடது பக்கம்தான்” என்றார். “தழும்பு. நான் வலதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” பிறகு, “இவ்வளவு சின்னப் பையனா இவரு? நம்ம செல்வி மாப்பிள்ளையவிடச் சின்னவரா இருக்காரே அண்ணி.”

அண்ணி எட்டிப் பார்த்தார். அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. “ஆமாண்டி. நீதான் கெழவியாயிட்ட” என்றார். இருவரும் சிரித்தார்கள். பாக்கியத்தின் கண் நிறைந்திருந்தது.

நான் அத்தோடு கிளம்பி வந்திருக்கலாம். ஆனால் அவர் நிமிர்ந்தபோது அவருடைய பொட்டைப் பார்த்தேன். சற்று இடப்பக்கம் தள்ளி, கீழே ஒரு வால். முதல் நாள் படத்தில் ஒற்றி எடுப்பதற்கு முன் நான் பார்த்ததும் அதே இடத்தில், அதே வாலோடு இருந்தது. பொட்டு ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடி பார்த்து வைப்பதில்லை என்றார். அவர் போனதிலிருந்து அப்படித்தான்.

அப்போதுதான் முழுவதையும் சொன்னேன். பசை, ஈரம், பொட்டு, பஞ்சு. செய்தி சொல்வது போலத்தான் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல்.

அண்ணி தூரிகையைக் கீழே வைத்தார். “படத்துக்குப் பொட்டா? அப்ப முடிஞ்சிருச்சு. உசுரோட இருக்குறவங்க படத்துக்கு யாரு பொட்டு வைப்பா?”

என் வீட்டில் படமும் இல்லை, பொட்டும் இல்லை. இறந்தவர்களின் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள் என்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சிவப்பைக் கண்டபோது எனக்குக் கறை என்றுதான் தோன்றியது.

பாக்கியம் பதறவில்லை. என்னைத்தான் பார்த்தார். “சந்தனம் இருந்துச்சா சார்?”

புரியவில்லை என்றேன்.

“செத்தவங்க படத்துக்கு மொதல்ல சந்தனம் வைப்போம். அதுக்கு மேலதான் குங்குமம். செவப்புக்கு அடியில மஞ்சளாத் தெரியும். ஊருக்குப் போறவங்களுக்கு வெறும் குங்குமம்தான்.” படத்தைப் பார்த்தார். “ஸ்டேஷன்ல நான்தான் வச்சு விட்டேன். கோயில் குங்குமம். சனக் கூட்டம், நேரா வைக்க முடியல. வேர்வையில வடிஞ்சிருச்சு. தொடச்சுராதீங்க, அப்படியே போங்கன்னேன்.”

அடியில் என்ன நிறம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதிப் பிழைத்தவன், அதை மட்டும் பார்க்கவில்லை. பஞ்சு இருக்கிறது, அதில் தெரியும் என்றேன். இன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னேன்.

அவர் படத்தை இரண்டு கையிலும் பிடித்திருந்தார். “சந்தனம் இருந்தா மட்டும் வந்து சொல்லுங்க சார். இல்லாட்டி வராதீங்க. நீங்க வரலன்னா நான் செல்விக்கு ஆரத்தி எடுத்துருவேன்.”

“அது போதுமா?”

“போதும் சார்.”

புறப்படும்போது படத்தை நீட்டினார். பார்த்தாயிற்று, எடுத்துப் போங்கள் என்றார். நான் வாங்கவில்லை. என் ஆல்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்து பழகியிருந்தது.

மாலை ஐந்து மணிக்குள் அறைக்கு வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றாமல் அலுமாரியைத் திறந்து, டின்னை எடுத்து, ஜன்னலருகில் தாளைப் பிரித்தேன். பஞ்சு இருந்தது. நான் கிள்ளிய அதே அளவு, ஒற்றியபோது அமுங்கிய அதே பள்ளம். வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். இழை இழையாகப் பிரித்தும் பார்த்தேன். மடித்த தாளிலும் ஒன்றும் இல்லை.

சந்தனம் இருந்தால் மட்டும் வரச் சொன்னார். பஞ்சில் சந்தனம் இல்லை. நான் தெல்தோட்டைக்குப் போகவில்லை.

மாமாவிடம் பிறகு கேட்டேன். சிவப்பைப் பார்த்தீர்கள்தானே என்றேன். பார்த்தேன், அதைப் பற்றி இனிப் பேசாதே என்றார். மௌத்தாகிக் கண் மூடும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாக்கியத்தைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். கண்டி பஸ் நிலையத்தில், தெல்தோட்டை பஸ் நிற்கும் இடத்தில், செல்வியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பொட்டு இருந்தது, அதே கோணலாக. என்னைக் கண்டதும் குழந்தையை இன்னொரு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, அசையாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே வருகிறேன், எதற்கு வருகிறேன் என்று அளப்பது போல. நான் சும்மா கையை உயர்த்திவிட்டு மாத்தளை பஸ் பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது சிரித்தபடி குழந்தையிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

போன நோன்புப் பெருநாளுக்கு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவின் உடுப்புகளை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு லேஞ்சி மட்டும் கொடுக்கிற நிலையில் இல்லை என்று எடுத்துவைத்திருந்தார். உங்கள் மாமா இதில் எதைத் துடைத்தார் என்று தெரியாது, எத்தனை தடவை வெளுத்தும் போகவில்லை என்று குறைப்பட்டார்.

“செகப்பு மொதக் கழுவுலயே போய்த்து மகன்” என்றார். “அடியில உள்ளதுதான் போகல்ல.”

லேஞ்சியை என் மடியில் விரித்துக் காட்டினார். மூலையில், கட்டைவிரல் அளவில், மஞ்சளாக இருந்தது.